மாத்திரை உடையும் நேரம் லாட்டுக்கு லாட் மாறுகிறதா? டிஸ்இன்டெக்ரன்ட்டை அளந்து பார்க்கும் முறை

போன பேட்ச் வரை நான்கு நிமிடத்தில் உடைந்த மாத்திரை, இந்த பேட்சில் பதினோரு நிமிடம் எடுக்கிறது. ஃபார்முலாவும் மெஷினும் மாறவில்லை. பேட்ச் ரெக்கார்டைப் புரட்டினால் கண்ணில் படும் ஒரே மாற்றம் டிஸ்இன்டெக்ரன்ட்டின், அதாவது மாத்திரையைத் தண்ணீரில் உடைய வைக்கும் துணைப்பொருளான கிராஸ்கார்மெல்லோஸ் சோடியத்தின் லாட் எண். சப்ளையர் சான்றிதழில் எல்லா வரியிலும் 'பாஸ்'. பதினோரு நிமிடமும் பாஸ்தான், உறை பூசாத மாத்திரைக்கு இந்தியன் பார்மகோபியா (மருந்துத் தர நூல்) தரும் கெடு 15 நிமிடம் என்பதால். ஆனால் ஸ்டெபிலிட்டி அறையில் (குறித்த வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் மாத்திரையை வைத்துப் பார்க்கும் அறை) ஆறு மாதம் இருந்த பிறகு அந்த நான்கு நிமிட இடைவெளி மிஞ்சுமா என்பதுதான் கேள்வி.

இந்த நிலையில் ஆர் அண்ட் டி (ஆய்வு, உருவாக்கம்) ஆளும் கியூசி (தரச் சோதனை) ஆளும் என்ன செய்யலாம் என்பதற்கான வழிமுறை இது. கிராஸ்கார்மெல்லோஸை மையமாக வைத்துச் சொல்கிறோம். சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட் (எஸ்.எஸ்.ஜி.), கிராஸ்போவிடோன் என்ற மற்ற இரண்டு டிஸ்இன்டெக்ரன்ட்டுக்கும் எங்கே வேறுபடுகிறது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

பாஸ் ஆன இரண்டு லாட் ஏன் வேறு மாதிரி நடக்கிறது?

கிராஸ்கார்மெல்லோஸ் என்பது மரக்கூழ் அல்லது பருத்தியின் செல்லுலோஸில் கார்பாக்சிமெதில் குழுக்களை ஏற்றி, இழைகளை ஒன்றோடொன்று எஸ்டர் பிணைப்பால் முடிச்சுப் போட்ட பொருள். முடிச்சு இருப்பதால்தான் அது தண்ணீரில் கரையாமல் உப்புகிறது. முடிச்சு குறைந்தால் கூழாகும், கூடினால் உப்பாது. இந்தச் சமநிலையை அளக்க பார்மகோபியா வைத்திருக்கும் எல்லைகளைப் பாருங்கள்: படிவுக் கனஅளவு (தண்ணீரில் உப்பி அடியில் தங்கும் பொடியின் கனஅளவு) 10 முதல் 30 மி.லி. வரை, தண்ணீரில் கரையும் பகுதி 1 முதல் 10 சதவீதம், பதிலீட்டு அளவு (ஏற்றிய கார்பாக்சிமெதில் குழுக்களின் அளவு) 0.60 முதல் 0.85, பி.ஹெச். 5 முதல் 7, உலர்த்தல் இழப்பு (காய வைத்தால் போகும் ஈரம்) 10 சதவீதத்துக்குள்.

படிவுக் கனஅளவு 12 உள்ள லாட்டும் 27 உள்ள லாட்டும் ஒரே 'பாஸ்' முத்திரையோடுதான் உங்கள் ஸ்டோருக்கு வரும். கரையும் பகுதி 2 சதவீதம், 9 சதவீதம் என்பதும் அப்படியே. அந்தக் கரையும் பகுதி மாத்திரைக்குள் தண்ணீர் நுழைந்ததுமே பிசுபிசுப்பாகி, பின்னால் வரும் தண்ணீருக்கு வழியை அடைக்கிறது. எல்லைகள் இப்படி அகலமாக இருப்பதில் தவறில்லை. பார்மகோபியா சொல்வது அந்தப் பொருள் என்ன, தூய்மையானதா என்பதை. உங்கள் மாத்திரையில் எப்படி வேலை செய்யும் என்று சொல்வது அதன் வேலை அல்ல. அதனால் சான்றிதழில் 'பாஸ்' என்ற சொல்லை மட்டும் ஏற்காதீர்கள். எண்ணாகத் தரச் சொல்லுங்கள், ஒவ்வொரு லாட்டுக்கும் அந்த எண்ணை ஒரு வரைபடத்தில் குறித்து வையுங்கள். பத்து லாட் சேர்ந்ததும் சப்ளையரின் உண்மையான வீச்சு தெரிந்துவிடும். பெரும்பாலும் அது பார்மகோபியா வீச்சைவிடக் குறுகலானது, வெளியே நிற்கும் லாட் உடனே கண்ணில் படும்.

முதலில் டிஸ்இன்டெக்ரன்ட்டைக் குற்றம் சொல்லாதீர்கள்

லாட் எண் மாறியது தற்செயலாகவும் இருக்கலாம். கீழே உள்ளவற்றை அரை நாளில் சரிபார்த்துவிடலாம். பாதி வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்.

மாத்திரையின் தடிமன். எடை மாறாமல் தடிமன் 0.1 மி.மீ. குறைந்தாலே உள்ளே உள்ள துளைகள் கணிசமாகக் குறையும். கணக்கைக் கீழே தருகிறோம்.

மெக்னீசியம் ஸ்டியரேட் (பொடி பஞ்சில் ஒட்டாமலிருக்கப் போடும் வழுக்குப் பொருள்) போட்ட பிறகு எவ்வளவு நேரம் பிளெண்டர் சுற்றியது? மூன்று நிமிடம் என்று எழுதியிருக்கும். டிரம்முக்காகக் காத்திருந்து மறுபடி ஒரு சுற்று விட்டிருப்பார்கள். ஸ்டியரேட் துகள்களின் மேல் மெழுகுப் பூச்சுப் போலப் படர்ந்துவிட்டால் எந்த டிஸ்இன்டெக்ரன்ட்டும் தண்ணீரை எளிதில் இழுக்காது.

கிரானுலின் (மாத்திரை அடிக்கும் முன் பொடியைச் சேர்த்து ஆக்கிய குறுணையின்) ஈரமும் அளவும். ஈரமான கிரானுல் அதே அழுத்தத்தில் இன்னும் இறுகும்.

சோதனைக் கருவி. கூடை நிமிடத்துக்கு 29 முதல் 32 முறை ஏறி இறங்க வேண்டும், தண்ணீர் 37 டிகிரி, இரண்டு டிகிரி முன்பின். மோனோகிராஃப் (பார்மகோபியாவில் அந்த மருந்துக்கான பகுதி) கேட்காத இடத்தில் பிளாஸ்டிக் டிஸ்க் போட்டால் முடிவு மாறும். போன முறை போட்டார்களா, இந்த முறை போட்டார்களா என்று ரெக்கார்டில் பாருங்கள். சிலர் வலையில் ஒட்டிய மிருதுவான மிச்சத்தையும் உடையாததாக எண்ணுவார்கள், அதற்கும் உள்ளே கடினமான கரு இருக்கிறதா என்பதுதான் அளவுகோல்.

இத்தனையும் சரியாக இருந்தால் மட்டும் பொடிக்குப் போங்கள்.

பொடி மேல் நான்கு சோதனை

மாதிரி எடுக்கும்போது டிரம்மின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் எடுங்கள். பை திறந்து கிடந்திருந்தால் மேல் அடுக்கு மட்டும் ஈரம் குடித்திருக்கும்.

ஒன்று, உலர்த்தல் இழப்பு. 105 டிகிரியில் எடை மாறாத வரை. 600 மி.கி. மாத்திரையில் 3 சதவீதம் என்றால் 18 மி.கி. கிராஸ்கார்மெல்லோஸ். ஈரம் 3 சதவீதம் உள்ள லாட்டில் உலர் பொருள் 17.5 மி.கி., 9 சதவீத லாட்டில் 16.4 மி.கி. வித்தியாசம் சிறியது; தனியாக இது நான்கை பதினொன்றாக்காது. ஆனால் விளிம்பில் நிற்கும் ஃபார்முலாவை விளிம்புக்கு அப்பால் தள்ளப் போதும்.

இரண்டு, பி.ஹெச். ஒரு கிராமை 100 மி.லி. தண்ணீரில் ஐந்து நிமிடம் குலுக்கி அளவிடுங்கள்.

மூன்று, படிவுக் கனஅளவு. இதைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு என்பதால் விரிவாக. 100 மி.லி. மூடியுள்ள அளவுருளையில் 75 மி.லி. தண்ணீர் எடுங்கள். 1.5 கிராம் பொடியை ஒரேயடியாகக் கொட்டாமல் 0.5 கிராம் வீதம் மூன்று தடவையாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் பலமாகக் குலுக்குங்கள். பின் 100 வரை தண்ணீர் விட்டு, பொடி சீராகப் பரவும்வரை மறுபடி குலுக்கி, நான்கு மணி நேரம் அசையாமல் வையுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெளியே ஜெல் தோல் கட்டிய முடிச்சுகள் விழும், உள்ளே பொடி காய்ந்தே இருக்கும், படிவு பொய்யாகக் குறைவாகத் தெரியும். ஏசி காற்று நேரே அடிக்கும் மேசையும் வேண்டாம், சென்ட்ரிஃபியூஜ் ஓடும் மேசையும் வேண்டாம். பழைய லாட்டையும் புதிய லாட்டையும் அருகருகே, ஒரே நாளில், ஒரே கை செய்ய வேண்டும்.

நான்கு, அதே சோதனை 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில். இது பார்மகோபியாவில் இல்லை, உள்ளகச் சோதனை. அமிலத்தில் சோடியம் உப்பு வடிவம் கட்டற்ற அமில வடிவமாக மாறும், உப்புவது குறையும். எல்லா லாட்டிலும் குறையத்தான் செய்யும். எவ்வளவு விகிதம் என்பதில்தான் கவனம். உங்கள் கரைதல் சோதனை (மாத்திரையிலிருந்து மருந்து எவ்வளவு கரைந்து வருகிறது என்று அளப்பது) அமிலத்தில் நடக்கிறது என்றால் தண்ணீர் எண்ணைவிட இந்த எண்தான் முக்கியம்.

மாதிரி மாத்திரை: உண்மை வெளிவரும் இடம்

பொடிச் சோதனை ஓரளவுக்குத்தான் சொல்லும். மாத்திரைக்குள் உப்புதல் மட்டும் நடப்பதில்லை. நாரின் வழியே தண்ணீர் ஊர்ந்து போவது, அழுத்தத்தில் நசுங்கிய துகள் நனைந்ததும் பழைய வடிவுக்குத் திமிறுவது எல்லாம் சேர்ந்துதான் மாத்திரை உடைகிறது. அதனால் மருந்து இல்லாத ஒரு மாதிரி மாத்திரை அடித்துப் பாருங்கள்.

500 கிராம் கலவைக்கு:
நீரற்ற டைகால்சியம் பாஸ்பேட், நேரடி அழுத்தத் தரம், 491.25 கிராம்
கிராஸ்கார்மெல்லோஸ் 5 கிராம்
மெக்னீசியம் ஸ்டியரேட் 3.75 கிராம்

ஏன் டைகால்சியம் பாஸ்பேட்? அது தண்ணீரில் கரையாது. லாக்டோஸ் போட்டால் மாத்திரை ஓரத்திலிருந்து தானே கரைந்து தேயும், டிஸ்இன்டெக்ரன்ட் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை மறைத்துவிடும். ஏன் 1 சதவீதம் மட்டும்? இதுதான் இந்தச் சோதனையின் உயிர். 3, 4 சதவீதத்தில் நல்ல லாட்டும் சுமாரான லாட்டும் ஒரே வேகத்தில் உடையும், அளவு தேவைக்கு மேல் இருப்பதால். பற்றாக்குறையில் விட்டால்தான் எது உழைக்கிறது, எது உழைக்கவில்லை என்று தெரியும்.

பாஸ்பேட்டையும் கிராஸ்கார்மெல்லோஸையும் 30 மெஷ் சல்லடையில் சலித்து 10 நிமிடம் கலக்குங்கள். ஸ்டியரேட்டை 60 மெஷ்ஷில் சலித்துப் போட்டு, கடிகாரம் வைத்து இரண்டு நிமிடம் மட்டும் கலக்குங்கள். 11 மி.மீ. தட்டைப் பஞ்சில் 500 மி.கி. எடையில் அடியுங்கள்.

இங்கே பலர் செய்யும் தவறு: இரண்டு லாட்டுக்கும் ஹார்ட்னஸை மட்டும் சமமாக்குவது. தடிமனைச் சமமாக்குங்கள். 2.5 மி.மீ. தடிமனில் இந்த மாத்திரையின் கனஅளவு 0.238 கன செ.மீ., அடர்த்தி 2.10. டைகால்சியம் பாஸ்பேட்டின் உண்மை அடர்த்தி சுமார் 2.89. அதாவது 73 சதவீதம் திடப்பொருள், 27 சதவீதம் துளை. தடிமனை 2.4 ஆக்கினால் துளை 24 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தண்ணீர் போகும் பாதையில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விட்டது, லாட் மாறாமலேயே.

ஒவ்வொரு லாட்டிலும் 18 மாத்திரையை 37 டிகிரி தண்ணீரில் உடைத்து, ஒவ்வொன்றின் நேரத்தையும் தனியாக எழுதுங்கள். கூடவே நனையும் நேரம்: பெட்ரி டிஷ்ஷில் மடித்த டிஷ்யூ தாள், அதில் சாயம் கலந்த 6 மி.லி. தண்ணீர், மேலே மாத்திரை. சாயம் மேற்பரப்பு முழுவதும் ஏறும் நேரம். பத்துப் பைசா செலவில்லாத இந்தச் சோதனை, தண்ணீர் உள்ளே போவதில் தாமதமா, போன பிறகு உப்புவதில் தாமதமா என்று பிரித்துக் காட்டும்.

இந்த மாத்திரையை அமிலத்தில் சோதிக்க வேண்டாம். டைகால்சியம் பாஸ்பேட் அமிலத்தில் கரையும், அதனால் எல்லா லாட்டும் அருமையாகத் தெரியும். அமிலத்துக்கு மேலே சொன்ன படிவுக் கனஅளவையே நம்புங்கள்.

முடிவை எப்படி வாசிப்பது

புதிய லாட்டின் நடு மதிப்பு பழைய லாட்டின் சிதறலுக்குள் விழுந்தால் பொடியில் குற்றமில்லை. உங்கள் உண்மை மாத்திரையில் மட்டும் தாமதம் என்றால் மருந்தோ செயல்முறையோ அதோடு வினைபுரிகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

நடு மதிப்பு தெளிவாக உயர்ந்து, நனையும் நேரம் மாறவில்லை என்றால் உப்பும் திறன் குறைந்திருக்கிறது. படிவுக் கனஅளவும் குறைந்திருந்தால் வழக்கு முடிந்தது. நனையும் நேரமும் கூடியிருந்தால் கரையும் பகுதியைப் பாருங்கள், நாரின் நீளத்தை நுண்ணோக்கியில் பாருங்கள். அதிகம் அரைபட்டு நார் குட்டையாகிவிட்டால் தண்ணீர் ஊரும் பாதை அறுபடும்.

நடு மதிப்பு சரியாக இருந்து சிதறல் மட்டும் பெரிதாக, ஒன்று ஒரு நிமிடம், இன்னொன்று ஆறு நிமிடம் என்று இருந்தால், அது கட்டியாகிப் போன பொடி அல்லது கலவைக் கோளாறு. சப்ளையருக்கு மெயில் போடும் முன் சல்லடையில் என்ன தங்குகிறது என்று பாருங்கள்.

உண்மை ஃபார்முலாவில் உறுதி செய்ய, மாற்றுச் சோதனை ஒன்று போதும். பழைய டிஸ்இன்டெக்ரன்ட், புதிய டிஸ்இன்டெக்ரன்ட். பழைய மருந்து லாட், புதிய மருந்து லாட். நான்கு சேர்க்கை, நான்கு சிறு கலவை, ஒரே நாள், ஒரே பஞ்ச். தாமதம் புதிய டிஸ்இன்டெக்ரன்ட் இருக்கும் இரண்டிலும் வந்தால் அது. புதிய மருந்து இருக்கும் இரண்டிலும் வந்தால் மருந்தின் துகள் அளவைப் பாருங்கள். இரண்டும் புதிதாக உள்ள ஒன்றில் மட்டும் வந்தால்தான் சிக்கலான கதை.

கிராஸ்கார்மெல்லோஸோடு ஒத்துப்போகாதவை

அதன் முடிச்சு எஸ்டர் என்று சொன்னோம். எஸ்டர் காரத்தில் அவிழும். மெக்னீசியம் ஆக்சைடு, சோடியம் கார்பனேட் போன்றவற்றோடு ஒரே மாத்திரையில், ஈரத்தோடு இருந்தால், மாதக்கணக்கில் முடிச்சு அவிழ்ந்து கரையும் பகுதி கூடும். அடித்த அன்று இரண்டு நிமிடம், ஆறாம் மாதம் பத்து நிமிடம் என்பதன் பின்னால் பெரும்பாலும் இதுதான். இத்தகைய ஃபார்முலாவில் லாட்டை மாற்றிப் பயனில்லை, கிராஸ்போவிடோனுக்குப் போங்கள்.

அமில உப்பாக வரும் மருந்துகளோடு வேறு சிக்கல். கிராஸ்கார்மெல்லோஸின் கார்பாக்சிலேட், மருந்து உப்பிலிருந்து புரோட்டானைப் பிடுங்கிக்கொள்ளும். மருந்து கரையாத கார வடிவத்துக்குத் திரும்பும். எச்.ஐ.வி. மருந்தான டெலாவிர்டின் மெசிலேட் மாத்திரையில் ஈரமான சூழலில் இது நடந்து கரைதல் விழுந்தது நன்கு பதிவான ஒன்று. கவனிக்க வேண்டியது: அங்கே மாத்திரை உடைகிறது, மருந்துதான் கரைவதில்லை. உடையும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது.

மூன்றாவது, காரத்தன்மை கொண்ட மருந்துகள் எதிர்மின் கொண்ட கிராஸ்கார்மெல்லோஸிலும் எஸ்.எஸ்.ஜி.யிலும் ஒட்டிக்கொள்ளும். வெறும் தண்ணீரில் கரைதல் சோதனை செய்தால் 100 சதவீதம் வராமல் 90-களில் நிற்கும். உப்புச்செறிவு உள்ள பஃபரில் அது விடுபட்டுவிடும். கலவை குறைபாடு என்று நினைத்து அசேயை (மாத்திரையில் உள்ள மருந்தின் அளவைப் பார்க்கும் சோதனையை) திரும்பத் திரும்பச் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எஸ்.எஸ்.ஜி.: வகையைப் பார்த்து வாங்குங்கள்

ஐரோப்பிய பார்மகோபியாவில் இது மூன்று வகை. ஏ, சி வகைகளின் பி.ஹெச். 5.5 முதல் 7.5. பி வகை 3.0 முதல் 5.0. பர்ச்சேஸ் ஆர்டரில் 'சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட்' என்று மட்டும் எழுதினால், விலை குறைந்தது எதுவோ அது வரும். பான்டோபிரசோல் போல அமிலம் பட்டால் பழுப்பாகும் மருந்தில் பி வகை விழுந்தால் உடையும் நேரத்தைவிடப் பெரிய தலைவலி காத்திருக்கிறது.

வழக்கமான அளவு 2 முதல் 8 சதவீதம், நான்கைச் சுற்றி நன்றாக வேலை செய்யும். எட்டுக்கு மேல் போனால் தலைகீழாகும்: மாத்திரையைச் சுற்றி ஜெல் படலம் கட்டி உள்ளே தண்ணீரை விடாது. 'மெதுவாக உடைகிறது, இன்னும் ஒரு சதவீதம் போடு' என்ற அறிவுரை இங்கே ஆளை மாட்டிவிடும்.

கிராஸ்போவிடோன்: அளவும் பெராக்சைடும்

இது மின்னூட்டமற்றது. அமிலம், காரம், உப்பு எதற்கும் பெரிதாக அசையாது. உப்புவதைவிட, தண்ணீரை உறிஞ்சி இழுப்பதிலும் வடிவுக்குத் திமிறுவதிலும்தான் இதன் வேலை. அதனால் இங்கே படிவுக் கனஅளவு பெரிதாக எதையும் சொல்லாது; துகள் அளவைப் பாருங்கள். பருத்த ரகம் வேகமாக உடைக்கும், ஆனால் நிற மாத்திரையில் புள்ளியாகத் தெரியும், வாயில் கரையும் மாத்திரையில் மணல் போல நெருடும். நுண்ணிய ரகம் கெட்டியான மாத்திரை தரும். மிக நுண்ணியது (கொல்லிடான் சிஎல்-எம் போன்றது) சஸ்பென்ஷனைத் தாங்குவதற்கானது, அதை டிஸ்இன்டெக்ரன்ட்டாகப் போட்டு ஏமாறாதீர்கள்.

இன்னொரு மாறும் எண் பெராக்சைடு. எல்லை 400 பி.பி.எம். வந்த அன்று குறைவாக இருந்து, திறந்த பையில் காற்றோடு இருந்து ஏறும். ராலோக்சிஃபீன் மாத்திரையில் என்-ஆக்சைடு என்ற மாசு போவிடோன், கிராஸ்போவிடோனின் பெராக்சைடால் வருவது தெரிந்ததே. ஆக்சிஜனேற்றத்துக்கு அஞ்சும் மருந்து என்றால் லாட் வந்தபோது மட்டும் அல்ல, எடைபோடும் வாரத்திலும் பெராக்சைடு பாருங்கள்.

எல்லா டிஸ்இன்டெக்ரன்ட்டிலும் இன்று கேட்க வேண்டிய மற்றொரு எண் நைட்ரைட். சிறு அளவுதான், ஆனால் லாட்டுக்கு லாட் மாறும். மருந்தில் இரண்டாம்நிலை அமீன் இருந்தால் நைட்ரோசமீன் என்ற, புற்றுநோய் அபாயம் உள்ள மாசுக்கு வழி.

சரிசெய்வது

அளவைக் கூட்டும் முன், போடும் இடத்தை மாற்றிப் பாருங்கள். ஈரக் கிரானுலேஷனில் முழுவதையும் உள்ளே போட்டால், ஒருமுறை உப்பிக் காய்ந்த பொருள் பழைய வீரியத்தோடு திரும்பாது. பாதி உள்ளே, பாதி வெளியே என்று பிரியுங்கள்: வெளியே உள்ளது மாத்திரையைக் கிரானுலாக உடைக்கும், உள்ளே உள்ளது கிரானுலைத் துகளாக உடைக்கும். உறை பூசும் மாத்திரையில் வெளியே அதிகம் வைத்தால் ஸ்பிரேயின் முதல் நிமிடங்களிலேயே ஓரம் உப்பி உதிரும். ஆரம்ப ஸ்பிரே வேகத்தைக் குறைத்து, மாத்திரைப் படுகையைச் சூடாக வைத்துத் தொடங்குங்கள்.

கூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒழுங்குமுறைக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவுக்குப் போகும் உடனடி வெளியீட்டு மாத்திரைக்கு எஃப்.டி.ஏ.யின் (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) 1995 சூபாக் வழிகாட்டியில் (அனுமதி பெற்ற பின் செய்யும் மாற்றங்களை நிலைகளாகப் பிரிப்பது), ஸ்டார்ச் அல்லாத டிஸ்இன்டெக்ரன்ட்டை மாத்திரை எடையில் 1 சதவீதம் வரை மாற்றுவது முதல் நிலை, 2 சதவீதம் வரை இரண்டாம் நிலை. ஸ்டார்ச்சுக்கு 3, 6. 2 சதவீதம் போட்ட ஃபார்முலாவை 3 ஆக்கினாலே முதல் நிலையின் எல்லை தீர்ந்துவிடும், அடுத்த மோசமான லாட்டுக்கு இடமிருக்காது.

சேமிப்பில் ஒரு வார்த்தை: சென்னை, புதுச்சேரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் டிஸ்பென்சிங் அறையின் ஈரப்பதம் மேல் ஒரு கண் இருக்கட்டும். மூன்று பொருளும் ஈரம் குடிப்பவை. மிச்சப் பையை ரப்பர் பேண்டு போட்டு வைப்பது மூடுவது ஆகாது; சீல் செய்து, திறந்த தேதி எழுதி, மறுபடி எடுக்கும்போது உலர்த்தல் இழப்பு பாருங்கள்.

கடைசியாக, நன்றாக ஓடிய லாட்டிலிருந்து ஒரு கிலோவை 100 கிராம் பொட்டலங்களாக அலுமினியப் பையில் சீல் செய்து ஒப்பீட்டு மாதிரியாக வையுங்கள். ஒவ்வொரு புதிய லாட்டுக்கும் ஒரு பொட்டலம் மட்டும் திறக்க வேண்டும். மேலே சொன்ன எல்லாச் சோதனைக்கும் அது தாராளம். இரண்டு பொட்டலம் மிச்சம் இருக்கும்போதே அடுத்த ஒப்பீட்டு லாட்டைத் தேர்ந்து, பழையதோடு அருகருகே மாதிரி மாத்திரை அடித்து எண்களைப் பதிவு செய்யுங்கள். கடைசிப் பொட்டலமும் தீர்ந்த பிறகு தேடினால் ஒப்பிட எதுவும் இருக்காது.